பட்டறையும் பயிற்சிக்கூடமும்: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் பொன்வேலை கற்ற முறைகளின் வரலாறு

பொன்வேலையைப் பிற கைத்தொழில்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் மூலப்பொருளின் விலையே ஆகும். மண்பாண்டம் வனையக் கற்பவன் கலத்தை உடைத்தால் மண்ணைப் பிசைந்து மீண்டும் சக்கரத்தில் ஏற்றலாம். தச்சு கற்பவன் வீணாக்கிய பலகையை அடுப்பெரிக்கவாவது கொடுக்கலாம். பொன்னைக் கையாளக் கற்பவனோ உருக்கும்போதும் அராவும்போதும் பற்றவைக்கும்போதும் சிந்தும் துகள் ஒவ்வொன்றாலும் யாரோ ஒருவருடைய செல்வத்தைக் குறைக்கிறான். ஆகவே இத்தொழிலை வீட்டில் கற்பதா, கட்டணம் செலுத்திப் பயிற்சிக்கூடத்தில் கற்பதா என்ற வினாவை எக்காலத்தில் எழுப்பினாலும், கற்பவன் செய்யும் பிழையின் விலையை யார் ஏற்பது என்ற வேறொரு வினா அதன் அடியில் கிடப்பதைக் காணலாம். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அடங்கிய நிலப்பகுதி அதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறது. 1995-ஆம் ஆண்டு வரை இவ்விரு மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. அரியலூர் 2007-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நிலையான தனி மாவட்டமாயிற்று. எனவே இப்பகுதியின் தொழில் வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியிலிருந்தும், கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள தஞ்சையிலிருந்தும் பிரித்து எழுத இயலாது.

முதலாம் இராசேந்திரன் பதினோராம் நூற்றாண்டின் முதற்பாதியில் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அரண்மனை இருந்த இடமாகக் கருதப்படும் மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்ததோடு, செம்பு கலந்த பொற்காப்பு ஒன்றின் துண்டும் அண்மையில் வெளிப்பட்டது. அத்துண்டைச் செய்த கை எங்கே, யாரிடம் பழகியது என்பதை மண் சொல்வதில்லை. ஆனால் தலைமுறை ஒன்றுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அக்காலப் பொன்வேலையின் ஒழுங்கை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பதிந்து வைத்துள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல்லும், மணிகள் பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லும் பயன்பட்டன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி எனவும் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு எனவும் அமைந்த அளவு முறையில், அணிகலனின் உள்ளே நிரப்பிய அரக்கு கூட எடைக் கணக்கில் தனித்துக் குறிப்பிடப்பட்டது. முத்துகள் வடிவத்தாலும் தரத்தாலும் பல வகைகளாகப் பிரித்து எண்ணப்பட்டன. ஒரு குன்றிமணியின் எடையளவுக்குக் கணக்குக் கேட்கப்படும் இடத்தில் பயிற்சியற்ற கைக்கு வேலை கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

இக்கல்வெட்டுகளுள் 1014-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட ஒன்று இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆடல் மகளிர், இசைவாணர், தச்சர், பொற்கொல்லர் முதலாகக் கோயிலில் பணிபுரிந்தோருக்கு நெல்லாகத் தரப்பட்ட பங்குகளை வரிசைப்படுத்திவிட்டு, அவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து அந்நெல்லைப் பெற வேண்டும் என்று அது விதிக்கிறது. அத்தோடு அது நின்றுவிடவில்லை. உறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவராயின், தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும் என்றும், நெருங்கிய உறவினரே இல்லாத நிலையில் மற்றப் பணியாளர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர வேண்டும் என்றும் தொடர்கிறது. பிறப்பால் வரும் உரிமையும் கையால் வரும் தகுதியும் ஒன்றல்ல என்பதைச் சோழ அரசின் நிருவாகம் அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தொழிற்கல்வியின் இருப்பிடம் குடும்பம் என்பதை அந்த ஆணை இயல்பாக ஏற்றுக்கொண்டது. ஆனால் குடும்பத்தில் பிறந்ததையே கற்றதற்குச் சான்றாக ஏற்கவில்லை.

பொற்கொல்லர், கன்னார், கொல்லர், தச்சர், கற்றச்சர் ஆகிய ஐவகைத் தொழிலாளரும் கம்மாளர் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் விசுவகர்மர் என்ற பெயரும் வழங்கிற்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் உள்ள, 1118-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, இரதகாரர் எனப்பட்ட தொழிற்பிரிவினர் எவ்வெத் தொழில்களைச் செய்யலாம் என்று நூல்களை ஆராய்ந்து முடிவு கூறியதைச் சொல்கிறது. கோபுரமும் மண்டபமும் தேரும் அமைப்பதோடு அரசருக்கு முடி முதலிய அணிகள் செய்வதும் அத்தொழில்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கருவூர்க் கல்வெட்டு ஒன்றோ, வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அரசன் அளித்த உரிமையைப் பதிவு செய்கிறது. அரசனின் முடியைச் செய்யத் தகுதி பெற்ற கையினர் செருப்பணிய ஆணை பெற வேண்டியிருந்த சமூகத்தில், தொழில் நுணுக்கத்தைக் குடும்பத்துக்குள் அடக்கி வைத்தது பேராசையால் நேர்ந்தது என்று கூறுவது நேர்மையாகாது. பிறர் பறிக்க முடியாத ஒரே உடைமையாக அவர்களுக்கு இருந்தது அத்தொழில் அறிவுதான்.

வீட்டுப் பட்டறையில் கல்வி நடந்த முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டாலும் அதன் படிவரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டின் முன்பகுதியில் வெளிச்சம் குறைந்த ஓர் அறை. காய்ச்சிய உலோகத்தின் நிறமாற்றத்தைக் கண்ணால் அறிய வேண்டியிருந்ததால் அந்த மங்கல் தேவையாயிற்று. சிறுவனின் முதல் வேலை பட்டறையைக் கூட்டுவது. கூட்டிய மண்ணை எறிந்துவிடாமல் சேர்த்து வைக்க வேண்டும், ஏனெனில் அதை அரித்துப் பொன்துகளைப் பிரித்தெடுப்பர். அடுத்து உமியும் கரியும் இட்ட சட்டியில் நெருப்பை அணையாமல் காப்பது. அதன்பின் ஊதுகுழல். கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் இடைவிடாது ஊதும் பழக்கம் வருவதற்கு மாதங்கள் ஆகும். சுடர் ஒரு கணம் தளர்ந்தாலும் பற்றவைப்பு நிற்காது, ஒரு கணம் மிகுந்தாலும் வேலை முழுவதும் உருகிவிடும். பிறகு செம்பிலும் வெள்ளியிலும் கம்பி இழுக்கவும் தகடு தட்டவும் பழக்குவர். வெங்காரம் தடவி, பொடி எனப்படும் பற்றாசை வைத்து ஊதும் வேலை பின்னர் வரும். பற்றாசு என்பது இணைக்கப்படும் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுமாறு செம்பும் வெள்ளியும் கூட்டிய பொன்தூள். அதன் கலவை அளவைத் தந்தை மகனுக்கு எழுதிக் கொடுப்பதில்லை, கண்முன் கலந்து காட்டுவார். பொன்னின் தூய்மை அளவாகிய மாற்றை அறிவது எல்லாவற்றுக்கும் பின்னர். உரைகல்லில் நகையை உரைத்து, மாற்றுத் தெரிந்த ஆணிகளின் கோட்டோடு ஒப்பிட்டு முடிவு சொல்லும் கண் பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே வரும்.

இந்தக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை அன்று. மகனாயினும் மருமகனாயினும் கற்பவன் பத்து ஆண்டுகளுக்கு மேல் கூலியின்றி உழைத்தான். ஊரார் பழைய நகையையோ பவுனையோ கொண்டுவந்து கொடுத்து, உருக்குவதை எதிரே அமர்ந்து பார்த்து, செய்கூலியையும் வேலையில் குறையும் பொன்னுக்கு ஈடான சேதாரத்தையும் பேசி முடித்த முறையில், ஒப்புக்கொண்ட சேதாரத்துக்கு மேல் குறைந்த எடையைப் பட்டறைக்காரரே ஈடுகட்ட வேண்டியிருந்தது. இலக்கியம் தொடங்கி ஊர்ப்பேச்சு வரை பொற்கொல்லரைப் பற்றி நிலவிய ஐயமும் இதனோடு சேர்ந்து கொண்டதால், கற்பவனின் ஒரு தவறு குடும்பத்தின் பொருளையும் பெயரையும் ஒருங்கே பாதித்தது. தாலி செய்வதற்கு நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கும் சடங்கில் பொற்கொல்லரை வீட்டுக்கு அழைத்து வெற்றிலை பாக்கு வைத்து மதிப்புச் செய்வது தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள வழக்கம். அந்த அளவு நம்பிக்கையைப் பெற்ற குடும்பம் அதைத் தன் பிள்ளையின் பயிற்சிக்காக இழக்கத் துணியாது. ஆகவே பிழையின் விலையை வீடு ஏற்றது, ஆனால் தன் பிள்ளைக்காக மட்டுமே ஏற்றது. வெளிச் சாதியாருக்கும் பெண் மக்களுக்கும் பட்டறையில் இடமில்லாமற் போனதற்குச் சாதிக் கட்டுப்பாடு முதற்காரணம். இந்தப் பொருளியல் கணக்கு அதற்கு வலுவூட்டிற்று. காரணம் எதுவாயினும் அது அநீதியே என்பதில் ஐயமில்லை.

இதே நிலப்பகுதியில் பிற கலைகளும் வீட்டில் தங்கிக் கற்கும் முறையிலேயே வளர்ந்தன. உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாகிய கனம் கிருஷ்ணையரிடம் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் குருகுலவாசம் செய்து இசை பயின்றார். உறவுமுறை ஆசிரியரே ஆயினும் பணிவிடை செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்க வேண்டும் என்பதே அங்கும் விதியாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிப் பொன்வேலை கடல் கடந்து புகழ் பெற்றது. மெல்லிய பொன் அல்லது வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்னிச் செய்யும் சங்கிலிகள் ஊர்ப்பெயராலேயே ஐரோப்பாவில் வழங்கின. வடகடல் நாடுகளின் வைக்கிங் காலப் புதையல்களில் கிடைக்கும் கம்பிப் பின்னல் சங்கிலிகளையும் ஆங்கிலத் தொல்லியலாளர் திருச்சிராப்பள்ளிப் பின்னல் என்றே குறிக்குமளவுக்கு அப்பெயர் ஊன்றியது. சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் தெய்வ உருவங்கள் பொறித்த சுவாமி நகைகளைச் செய்வித்து ஐரோப்பியருக்கு விற்றது. அந்நிறுவனத்தின் பெயரே வெளியே தெரிந்தது; வேலை செய்த கைகள் பட்டறையில் பழகியவை.

அதே காலத்தில்தான் தொழிலைப் பள்ளியில் கற்பிக்கும் எண்ணமும் தமிழகத்துக்கு வந்தது. மருத்துவராகிய அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு ஏற்ற கலைத்தொழிற் பள்ளி இந்தியாவின் முதல் கலைப்பள்ளிகளுள் ஒன்று. 1884-இல் அதன் பொறுப்பாளராக வந்த ஈ. பி. ஹாவெல் சென்னை மாகாணத்து ஊர்களுக்குச் சென்று கைத்தொழில்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார்; ஐரோப்பிய மாதிரிகளைப் படியெடுக்கும் கல்வி இந்நாட்டுத் தொழிலாளரின் மரபறிவை அழித்துவிடும் என்ற கருத்தை அவர் பின்னாளில் வலிமையாக முன்வைத்தார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909-இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞரைப் பற்றிய நூலில், பட்டறையில் உண்மையான வேலையின் நடுவே, ஆசிரியர் மாணவர் உறவில் கற்பதே மேலான கல்வி என்று வாதிட்டார். அவர் கண்ட அழகு உண்மையானது. ஆயினும் அந்த உறவுக்குள் நுழைய முடியாதவர்களைப் பற்றி அவர் போதிய அளவு கவலைப்படவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கவலையை எழுப்பியது கலை வரலாறு அன்று, அரசியல்.

1953-இல் முதலமைச்சராயிருந்த இராசாசி கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியில் மட்டும் பள்ளிக்கு வந்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் உள்ள வேறொரு தொழிலையோ கற்கலாம் என்பது அதன் சாரம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானதும் அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது. பொற்கொல்லர் மகன் பட்டறையில் கற்பது இழப்பு ஆகாது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் மலம் அள்ளுபவரின் மகனும் தோல் பதனிடுபவரின் மகனும் அதே விதியின்கீழ் வீட்டுக்கு அனுப்பப்படுவர் என்ற எதிர்வாதத்துக்கு விடையில்லை. வீட்டில் கற்றல் என்பது விருப்பமாக இருக்கும்வரை கல்வி, அரசு அதனைக் கால அட்டவணையாக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

பத்தாண்டு கழித்துப் பட்டறைக்கே பேரிடி விழுந்தது. சீனப் போரை ஒட்டி அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த இந்திய அரசு, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராயிருந்த 1963 ஜனவரியில் பொன் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்து, பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்தது. காரட் என்பது இருபத்து நான்கு பங்கில் எத்தனை பங்கு பொன் என்று காட்டும் அளவு. மரபு நகைக்குரிய இருபத்திரண்டு காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கும், பதினான்கு காரட்டில் 58.3 பங்கும் பொன் உண்டு. செம்பு மிகுந்த கலவை கடினமானது, காய்ச்சினால் கறுக்கும், பழகிய பற்றாசு அதற்குப் பொருந்தாது. ஓர் ஆணையால் தலைமுறைகளின் கைப்பழக்கம் பயனற்றதாயிற்று. வாங்குவோரும் அந்நகையை விரும்பவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன, பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். காரட் தடை 1966-இல் நீங்கிற்று. ஆனால் 1968-ஆம் ஆண்டின் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. இந்த இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பியது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பட்டறைகள் அருகிப்போனதற்குப் பிற்காலத்து இயந்திர நகையையும் பெருங்கடைகளையும் மட்டும் காரணமாகக் கூறுவது இந்தக் காலத்தை மறப்பதாகும்.

மூடிய பட்டறைக்கு வெளியே, சாதி வரம்பைப் பெரிதும் கடந்த வீட்டுக் கல்வியும் இந்த வட்டாரத்தில் உருவாயிற்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சார்ந்து இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழிலும், மேற்கே சேலத்தில் வீடுதோறும் நடக்கும் வெள்ளிக் கொலுசு வேலையும் பல சமூகத்தாரையும் பெண்களையும் ஈர்த்தன. கல்லோ மலிவு; வெள்ளியோ பொன்னைவிடப் பன்மடங்கு விலை குறைவு. வேலையும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டதால் ஒருவர் ஒரு பகுதியை மட்டும் சில மாதங்களில் கற்றுக்கொண்டு கூலி பெற முடிந்தது. பிழையின் விலை குறைந்த இடத்தில் கதவு தானே திறந்துகொண்டது.

இன்று இவ்விரு மாவட்டங்களில் நகைத்தொழில் சார்ந்த பயிற்சி நாடுவோர் முன் சில வழிகள் உள்ளன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய முயற்சியை மாதிரியாகக் கொண்டு, மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உணவோடு கட்டணமின்றிப் பயிற்சி தருகின்றன. அவற்றின் பாடத்திட்டத்தில் உள்ள செயற்கை நகை தயாரிப்புப் பயிற்சி இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். மணி கோத்தல், நூல் சுற்றிய வளையல், கம்பி வளைத்தல் ஆகியவற்றைக் கற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கட்டணம் வாங்கும் தனியார் வகுப்புகளும் பெரும்பாலும் இவற்றையே கற்பிக்கின்றன. கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் கட்டணம் பெற்று நடத்தும் நகை மதிப்பீடும் அதன் நுட்பங்களும் என்ற குறுகிய காலப் பயிற்சி வேறு வகையது. அது நகை செய்யக் கற்பிப்பதில்லை, அடகுக்கு வரும் நகையின் எடையையும் மாற்றையும் கணிக்கக் கற்பிக்கிறது. பட்டறைச் சிறுவன் பல ஆண்டுகளுக்குப் பின் எட்டிய உரைகல்லை, இப்பயிற்சி தொடக்கத்திலேயே மாணவர் கையில் தருகிறது. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளமும் மாற்றை அறியும் பொறுப்பைப் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டபோதிலும், நகைக்கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் மதிப்பீட்டாளரின் கண்ணுக்கு இன்னும் வேலை உண்டு.

இப்பயிற்சிகளைப் பட்டறைக் கல்வியோடு ஒப்பிட்டு இழிவாகப் பேசுவோர் உண்டு. அது பிழையான ஒப்பீடு. இரண்டு வாரத்தில் கற்ற ஒரு பெண் தன் வீட்டிலிருந்தே சம்பாதிக்கத் தொடங்குவது அவளுக்கு முன் எந்தப் பட்டறையும் தராத வாய்ப்பு. ஆயினும் கண்ணாடி மணியும் பித்தளைக் கம்பியும் கையாண்டவர் பொன்வேலை கற்றவராகிவிட மாட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. விலையற்ற பொருளில் கற்பிக்கும்போது பிழைக்கு அஞ்சத் தேவையில்லை. அஞ்சத் தேவையில்லாத இடத்தில் எடையைக் காக்கும் பழக்கமும் படிவதில்லை. அப்பழக்கத்தைப் பாடநூலால் ஈடுசெய்ய முடியாது.

அண்மையில் எழுந்த ஒரு சர்ச்சை பழைய வினாவை மீண்டும் முன்னிறுத்தியது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விசுவகர்மா திட்டம், பொற்கொல்லர் உட்படப் பதினெட்டுத் தொழிலினருக்குச் சில நாள் பயிற்சியும் உதவித்தொகையும் கருவிகளுக்கு 15,000 ரூபாயும் கடனும் அளிப்பது. விண்ணப்பிப்பவரின் குடும்பம் அத்தொழிலை மரபாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், பதினெட்டு என்ற குறைந்த வயதை முப்பத்தைந்தாக உயர்த்தவும் கோரிய தமிழ்நாடு அரசு, அது ஏற்கப்படாததால் அத்திட்டத்தைச் செயல்படுத்த மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இருபத்தைந்து தொழில்களுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வரை கடனும் அதில் நான்கிலொரு பங்கு, 50,000 ரூபாய் வரை, மானியமும் உண்டு; குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை. இராசாசி காலத்து நினைவு தமிழ்நாட்டில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு முப்பத்தைந்து என்ற அந்த எண்ணே சான்று: பிள்ளைகள் படிப்பை விட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பக் கூடாது என்பதே அதன் நோக்கம். நோக்கம் சரியானது. ஆனால் ஊதுகுழலும் உரைகல்லும் பழகும் பருவம் முப்பத்தைந்துக்கு வெகு முன்னரே கடந்துவிடுகிறது. பட்டறைக் குடும்பத்தில் பிறக்காத ஜெயங்கொண்டத்து இளைஞனோ வேப்பந்தட்டைப் பெண்ணோ பள்ளி முடித்தபின் பொன்வேலை கற்க விரும்பினால், கெடுத்துப் பழகுவதற்கு அவர்களுக்குப் பொன் தருவார் யார் என்பதற்கு இவ்விரு திட்டங்களும் விடை கூறவில்லை.

ஓரளவு விடை தொழில்நுட்பத்திலிருந்து வருகிறது. கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, அந்த மெழுகுருவைச் சுற்றிக் காரை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் பொன்னை வார்க்கும் முறை கோயம்புத்தூர் போன்ற தொழில் மையங்களில் நிலைபெற்றுவிட்டது. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகள் வார்க்கப்பட்ட மெழுகுமுறையின் அடிப்படையே இதற்கும் அடிப்படை. வடிவமைக்கக் கற்பவரின் பிழை இங்கே திரையிலும் மெழுகிலும் நேர்ந்து அங்கேயே திருத்தப்படுகிறது. பொன் இறுதியில்தான் வருகிறது. அதனால் இக்கல்வியைக் கட்டணப் பயிற்சியாக யாருக்கும் தர முடிகிறது. எஞ்சுவது கைவேலையின் மற்றப் பாதி: அறுந்த சங்கிலியைப் பற்றவைத்தல், தளர்ந்த கல்லை இறுக்குதல், ஒவ்வொரு குடும்ப வழக்குக்கும் உரிய தாலியைச் சொன்ன நாளுக்குள் சொன்ன எடையில் செய்து கொடுத்தல். இவற்றை வார்ப்புக்கூடம் செய்வதில்லை. பெரம்பலூர், அரியலூர்க் கடைவீதிகளில் இவ்வேலைகளுக்கு இன்றும் ஆள் தேடுகின்றனர். இவற்றைக் கற்பிக்கும் இடம் இன்னும் பட்டறைதான். அங்கே பிறர் வீட்டுப் பிள்ளை அமர வேண்டுமானால், அப்பிள்ளைக்கு உதவித்தொகையும் கற்பிக்கும் ஆசாரிக்கு ஊதியமும் தருவதோடு, பயிற்சியில் குறையும் பொன்னுக்கான சேதாரத்தையும் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டும் ஏற்பாடு தேவைப்படும்.